மாலிகித்தை யாருக்கு நினைவிருக்கிறது? சூப்பர்ஹீரோ வில்லன்களில் பலர் ஏன் நிலைப்பதே இல்லை

வடசேரி வாசகன்

ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம், இங்கே போட்டுவிடுகிறேன். பேட்மேனின் எதிரி யார் என்று காமிக்ஸ் பக்கமே எட்டிப் பார்க்காத ஆளிடம் கேட்டாலும் ஜோக்கர் என்று சட்டென்று சொல்லிவிடுவார், கொஞ்சம் யோசித்தால் பெங்குவின், கேட்வுமன், பேன் என்று இன்னும் நாலு பெயர் வரும். 2013இல் வந்த தோர் படத்தில் வில்லன் யார் என்று அந்தப் படத்தைப் பார்த்தவர்களிடமே கேட்டுப் பாருங்கள். மாலிகித். நடித்தவர் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன், லேசுப்பட்ட நடிகர் இல்லை. பிரபஞ்சம் மொத்தத்தையும் இருட்டாக்கக் கிளம்பியவன், அதைவிடப் பெரிதாக ஒரு வில்லன் என்னதான் செய்துவிட முடியும்? ஆனாலும் முகம்கூட ஒருவருக்கும் நினைவில்லை.

சக்தி போதாது, உடை சரியில்லை, நடிப்பு சரியில்லை என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்களை நான் ஏற்கவில்லை. மிஸ்டர் ஃப்ரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் பேட்மேன் 121ஆம் இதழில் மிஸ்டர் ஸீரோ என்ற பெயரில் வந்தவர். கையில் பனித் துப்பாக்கி, கொள்ளை அடிப்பார், அகப்படுவார், அவ்வளவுதான். அறுபதுகளின் டிவி தொடர் அவருக்கு ஃப்ரீஸ் என்று பெயர் வைத்தது, பெயர் பரவியது, ஆனால் ஆள் மாறவில்லை. அப்புறம் 1992இல் அனிமேஷன் தொடரில் பால் டினி ஒரு அத்தியாயம் எழுதினார். அதில் ஃப்ரீஸ் ஒரு விஞ்ஞானி, மனைவி நோராவுக்குத் தீராத நோய், மருந்து கிடைக்கும் வரை அவளைக் குளிரில் உறைய வைத்துக் காத்திருக்கிறார். செலவு அதிகம் என்று சொல்லி நிறுவனத்தின் முதலாளி வந்து ஆய்வை நிறுத்துகிறான், தடுக்கப்போன இவரை ரசாயனங்களுக்குள் எட்டி உதைக்கிறான். அன்றிலிருந்து குளிர் இல்லாமல் இவரால் உயிர் வாழ முடியாது. கடைசியில் சிறை அறையில் உட்கார்ந்து, கண்ணாடி உருண்டைக்குள் ஆடும் ஒரு சின்னப் பொம்மையைப் பார்த்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறார். இருபது நிமிடக் கார்ட்டூன், எம்மி விருது வாங்கியது.

பனித் துப்பாக்கி அதேதான், தலையில் மாட்டிய கண்ணாடிக் கூடும் அதேதான். புதிதாக வந்தது அவருக்கென்று வேண்டியது ஒன்று. அதனால்தான் சொல்கிறேன், பெயர் வாங்காத வில்லன்களில் பெரும்பாலோர் மோசமான வில்லன்கள் கிடையாது, அவர்களைத் தேடி இரண்டாவதாக ஒரு எழுத்தாளர் வரவில்லை. முதல் ஆள் ஹீரோவிடம் அடி வாங்குவதற்காக ஒருவனை உண்டாக்கிவிட்டுப் போய்விடுகிறார். இவனுக்கு என்னதான் வேண்டும் என்று இன்னொருவர் வந்து கேட்டால்தான் அவன் ஆளாகிறான்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கருங்கல் பையன்

அண்ணே, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாம் விளம்பரமும் நேரமும்தான். தானோஸை 2012 அவெஞ்சர்ஸ் முடிவில் ஒரு நொடி காட்டினார்கள், அப்புறம் 2018 வரைக்கும் இதோ வருகிறான் அதோ வருகிறான் என்று நம்மை உட்கார வைத்தார்கள். அத்தனை வருஷம் ஊதிக்கொண்டே இருந்தால் யாரும் பெரிய ஆளாகிவிடுவான். மாலிகித்துக்குக் கிடைத்தது ஒரே படம், அதிலும் பாதி நேரம் தோரும் அவன் தம்பி லோகியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரமே கொடுக்காமல் நிலைக்கவில்லை என்றால் எப்படி?

வடசேரி வாசகன்

தம்பி, நேரம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் தானோஸ் 2012இல் பிறந்தவன் இல்லையே. 1973இல் அயர்ன் மேன் 55ஆம் இதழில் ஜிம் ஸ்டார்லின் கொண்டுவந்தார், அவரே திரும்பத் திரும்ப அவனிடம் போனார், 1991இல் எழுதிய தொடரில் அவன் மரணத்தையே பெண்ணாகக் கண்டு அவள் மனதைப் பிடிக்கப் பாதிப் பிரபஞ்சத்தை அழிக்கிறான். படம் அந்தக் காரணத்தை மாற்றிக்கொண்டது, ஆனால் அவனுக்கென்று ஒரு காரணம் வேண்டும் என்பதை விடவில்லை. 2018 படத்தை எடுத்துப் பாருங்கள், தேடிப் போகிறவன் அவன், மற்றவர்கள் தடுக்கிறவர்கள். கதையின் பயணமே வில்லனுடையது.

வெறும் நேரமும் விளம்பரமும் போதும் என்றால் 1997இல் ஆர்னால்டை வைத்து எடுத்த ஃப்ரீஸ் ஏன் எடுபடவில்லை? உலகமே அறிந்த நடிகர், படம் முழுக்க வருகிறார், நோராவும் உண்டு. ஆனால் வாயைத் திறந்தால் பனியை வைத்து ஒரு ஜோக். அவருடைய துக்கத்தை எழுதியவர்களே நம்பவில்லை, அப்புறம் பார்ப்பவர் எப்படி நம்புவார்?

இன்னொன்றும் சொல்கிறேன். அதே மாலிகித், 1984இல் வால்டர் சைமன்சன் எழுதிய தோர் இதழ்களில் பாதி முகம் கறுப்பு, பாதி முகம் நீலம், பேசியே ஆளைக் கவிழ்க்கிற வஞ்சகன். படம் அந்தக் குணத்தை எல்லாம் கழற்றிவிட்டது. ஆனால் காமிக்ஸில் ஜேசன் ஆரன் அவனை மறுபடி கையில் எடுத்தார், 2019இல் மார்வெலின் பெரிய தொடர் ஒன்றுக்கே அவன்தான் வில்லன். காமிக்ஸ் படிப்பவர்கள் இன்று மாலிகித்தை மறக்க மாட்டார்கள்.

தக்கலை அக்கா

வில்லனை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். வொண்டர் வுமனை எடுத்துக்கொள்ளுங்கள். 1941இலிருந்து இருக்கிறாள், சூப்பர்மேன், பேட்மேனோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர். அவளுடைய முக்கிய எதிரி யார்? கேட்டால் இங்கேயே பலர் யோசிப்பீர்கள். சீட்டா. 1943இல் வந்தவள். எண்பது வருஷம் ஆகியும் ஏன் தெரியவில்லை?

எனக்குத் தெரிந்த காரணம் இரண்டு. ஒன்று டிவி. 1966இல் வந்த பேட்மேன் தொடர் வாரா வாரம் ஜோக்கர், பெங்குவின், கேட்வுமன், ரிட்லர் என்று வில்லன்களைத்தான் விருந்தாளிகளாக அழைத்தது. ரிட்லர் 1948இல் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போனவர், 1965 வரை யாரும் தொடவில்லை. அந்தத் தொடரின் முதல் கதையே அவரோடுதான் தொடங்கியது, ஃபிராங்க் கார்ஷின் அந்தச் சிரிப்பைச் சிரித்தார், ரிட்லர் வீட்டுக்கு வீடு போய்விட்டார். எழுபதுகளில் லிண்டா கார்ட்டர் நடித்த வொண்டர் வுமன் தொடரில் சீட்டா ஒரு தடவைகூட வரவில்லை. முதல் பருவத்தில் நாஜிகளோடு சண்டை போட்டாள், பிறகு உளவாளி, கடத்தல்காரன் என்று போய்விட்டது. எத்தனை கோடிப் பேர் பார்த்திருப்பார்கள், ஒரு எதிரியின் பெயரும் மனதில் ஏறவில்லை.

இரண்டாவது, சீட்டா ஒரே ஆளாக இருக்கவில்லை. முதலில் பிரிசில்லா ரிச் என்ற பணக்காரப் பெண், அப்புறம் அவளுடைய உறவுப்பெண், 1987க்குப் பிறகு பார்பரா மினர்வா என்ற தொல்லியல் ஆய்வாளர். ஒவ்வொரு தடவையும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். வடசேரி தம்பி சொல்கிற அந்த இரண்டாவது எழுத்தாளர் இங்கே வந்தார், ஆனால் முதல் ஆள் கட்டியதன் மேல் கட்டவில்லை, இடித்துவிட்டுக் கட்டினார். பெண் கதாநாயகியின் எதிரிகளுக்கு இந்த அக்கறை கிடைக்காமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கருங்கல் பையன்

அக்கா சொன்னது புதுசாக இருக்கிறது. ரிட்லர் காணாமல் போயிருந்தார் என்பதே எனக்குத் தெரியாது.

ராஜாக்கமங்கலம் ஆர்

டாக்டர் டூமை விட்டுவிட்டீர்களே. 1962இலிருந்து மார்வெலின் மிகப் பெரிய வில்லன், ஆனால் 2005, 2007, 2015இல் வந்த மூன்று ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்திலும் சொதப்பல். காரணம் எளிது, அவனுடைய நாட்டைப் பிடுங்கிவிட்டார்கள். காமிக்ஸில் அவன் லாட்வேரியாவின் மன்னன், அவனைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு நாட்டின் எல்லைக்குள் போக வேண்டும், அவன் அம்மாவின் ஆன்மா நரகத்தில் கிடக்கிறது, அதை மீட்கப் போராடுகிறான். 2005 படத்தில் அவனைக் கம்பெனி முதலாளி ஆக்கினார்கள். கம்பெனி முதலாளி வில்லன்கள்தான் தெருவுக்குத் தெரு இருக்கிறார்களே.

குழித்துறைக்காரன்

நம்ம பக்கத்துப் படம் ஒன்று இருக்கும்போது ஏன் மக்கா இவ்வளவு தூரம் போகிறீர்கள். மின்னல் முரளி. 2021 டிசம்பரில் நேராக நெட்ஃபிளிக்ஸில் வந்ததால் மார்த்தாண்டத்தில் தியேட்டரில் பார்க்கிற கொடுப்பினை நமக்கு இல்லாமல் போனது. ஒரே மின்னல் இரண்டு பேரை அடிக்கிறது. ஒருவன் ஹீரோ, டொவினோ. மற்றவன் ஷிபு, டீக்கடையில் வேலை பார்க்கிறவன், நம்ம குரு சோமசுந்தரம். ஊரே கேவலமாக நடத்துகிற ஆள். அவனுக்கு உலகம் வேண்டாம், ஊர்கூட வேண்டாம், உஷா வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவளை மனதில் வைத்திருந்தான், அவள் வேறு ஒருவனோடு போனாள், நோயாளிப் பிள்ளையோடு திரும்பி வந்தாள். அந்தப் பிள்ளையின் வைத்தியத்துக்காகத்தான் திருடப் போகிறான்.

அவள் சம்மதம் சொல்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மனிதனின் முகத்தில் சிரிப்பு வரப் பார்க்கிறது, அதற்குள் அழுகை வந்துவிடுகிறது, இரண்டையும் அடக்கத் தெரியாமல் நிற்கிறார். அந்த இடத்தில் நான் ஹீரோவை மறந்தே போனேன். அடுத்து ஊர்க்காரர்கள் அவர்கள் இருக்கிற வீட்டைக் கொளுத்துகிறார்கள், அதற்கப்புறம் அவன் செய்வதெல்லாம் கொடுமை, மன்னிக்க முடியாது. ஆனால் இவன் யார் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மின்னல் முரளி என்றால் இன்றைக்கும் முதலில் ஷிபுவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஒரே படம்தான். வருஷக்கணக்கில் ஊதிய விளம்பரம் இல்லை, இதற்கு முன்னால் வந்த படம் இல்லை, இரண்டாவது எழுத்தாளரும் இல்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள் வடசேரி அண்ணே?

வடசேரி வாசகன்

நல்ல கேள்வி. ஷிபுவிடம் இரண்டாவதாக ஒரு ஆள் வரத் தேவைப்படவில்லை, முதல் ஆளே அந்த வேலையையும் செய்துவிட்டார். ஹீரோவை எழுதின அதே அக்கறையோடு வில்லனையும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்படி முதல் தடவையே அமைவது அபூர்வம். மாதாமாதம் இதழ் வந்தாக வேண்டிய தொழிலில் இந்த மாதத்துக்கு ஒரு எதிரி வேண்டும் என்றுதான் பெரும்பாலும் உண்டாக்கினார்கள், பின்னால் யாராவது ஒரு எழுத்தாளர் தேடி வந்த வில்லன்கள்தான் அதில் தப்பிப் பிழைத்தார்கள்.

கிங்பின்னைப் பாருங்கள். 1967இல் ஸ்பைடர்மேன் 50ஆம் இதழில் வந்த தடித்த ரவுடித் தலைவன். 1981 வாக்கில் ஃபிராங்க் மில்லர் அவனை அப்படியே டேர்டெவில் என்ற இன்னொரு ஹீரோவின் கதைக்குத் தூக்கிக்கொண்டு போனார், மனைவி வனெஸாவுக்காகத் தொழிலை விட்டு ஒதுங்கியிருந்தவனை மறுபடி நியூயார்க்குக்கு வர வைத்தார். இன்றைக்குக் கிங்பின் என்றால் டேர்டெவில்தான் நினைவுக்கு வருகிறது. பையன் சொன்ன நேரம், அக்கா சொன்ன டிவி எல்லாமே உண்மை, ஆனால் அதெல்லாம் வில்லனை வாசல் வரைதான் கொண்டுவந்து விடும்.

பழைய முத்து

நான் உங்களை எல்லாம்விட மூத்தவன், எங்கள் தலைமுறையின் அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் சூப்பர்ஹீரோவை முதலில் பார்த்தது சிவகாசிப் புத்தகங்களில். 1972இலிருந்து முத்து காமிக்ஸ், 1984இலிருந்து லயன். நாகர்கோவில் பேருந்து நிலையக் கடைகளில் புத்தகம் தொங்கும், வாங்க வழியில்லாதவன் பழைய புத்தகக் கடையில் மாற்றிக்கொள்வான். இரும்புக்கை மாயாவியைத் தெரியாத பையன் கிடையாது. மின்சாரத்தில் கை வைத்தால் உடல் மறையும், அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். சரி, மாயாவியின் எதிரி யார்? எனக்கு இன்றைக்கும் ஒரு பெயர் வாயில் வரவில்லை. அத்தனை கதையும் விழுந்து விழுந்து படித்தவன் நான்.

அந்தப் பிரிட்டிஷ் கதைகளில் வில்லன் அந்தக் கதையோடு முடிந்துபோவான். தமிழில் வரும்போது ஒரு இதழுக்கு ஒரு முழுக்கதை, கடைசிப் பக்கத்தில் வெடிப்பு, ஆள் காலி. அடுத்த மாதம் வேறு ஆள். அவன் மறுபடி வருவானோ என்று பயந்து தூங்காமல் கிடந்த ராத்திரி எங்களுக்கு வாய்க்கவில்லை. திரும்பி வருவான் என்ற பயம் இருந்தால்தான் வில்லனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளத் தோன்றும்.

ஆனால் இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பைடர். சிலந்தி வலைத் துப்பாக்கியோடு வருகிற, கூர்க் காது வைத்த அந்த ஸ்பைடர். அவன் முதலில் கொள்ளைக்காரன், குற்றச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவன், பிறகுதான் நீதியின் பக்கம் வந்தான். மாயாவிகூட ஆரம்பத்தில் சக்தி கிடைத்த மயக்கத்தில் திருட்டில் இறங்கியவன்தான். இங்கிலாந்தில் எப்போதோ மறந்துபோன இந்த இரண்டு பேரையும் நாங்கள் இத்தனை வருஷமாகக் கொண்டாடுகிறோம். இவர்களை விரட்டிய வில்லன்களை மறந்தோம், வில்லனாக இருந்து மாறியவர்களை மறக்கவில்லை.

தக்கலை அக்கா

அண்ணன் சொன்னதைப் படித்ததும் வீட்டில் இருக்கிற பழைய லயன் இதழ்களை எடுத்துப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஃப்ரீஸும் ஷிபுவும் நன்றாக அமைந்ததால் எல்லா வில்லனுக்கும் ஒரு கண்ணீர்க் கதை வைத்தால் போதும் என்று ஆகிவிடக் கூடாது. இப்போது வருகிற பாதிப் படங்களில் சின்ன வயதில் அடி வாங்கினான், அதனால் ஊரை அழிக்கிறான் என்று ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஜோக்கருக்கு என்ன துக்கம்? காமிக்ஸில் அவன் முன்கதை இதுதான் என்று உறுதியாக நிலைத்ததில்லை, அவனே மாற்றி மாற்றிச் சொல்வான்.

வடசேரி வாசகன்

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. துக்கம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வேண்டியது ஒன்று வேண்டும் என்றேன். ஜோக்கருக்கு வேண்டியது பேட்மேன்தான், அவன் பார்க்க வேண்டும், அவன் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜோக்கரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன், இந்த விவாதத்துக்கே அது முக்கியம். 1940இல் பேட்மேன் முதல் இதழில் அவன் வந்தான் அல்லவா, அந்த இதழிலேயே செத்துப்போவதாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் வேண்டாம் என்று தடுத்தார். அதனால் கடைசியில் ஒரு கட்டத்தைச் சேர்த்து, ஆள் பிழைத்துக்கொள்வான் என்று மருத்துவர் சொல்வதாகப் போட்டார்கள். அந்த ஒரு கட்டம் இல்லையென்றால் ஜோக்கரும் முத்து அண்ணன் சொன்ன கடைசிப் பக்க வெடிப்பில் போன ஆட்களில் ஒருவன்தான்.

முப்பந்தல் வாத்தியார்

எல்லாரும் சொன்னதை வாசித்தேன். நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. நீலி. கள்ளியங்காட்டு நீலி என்று மலையாளத்தில் சொல்வதும் நம் நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டின் பெயரோடுதான். வழியில் போகிறவனை மயக்கிக் கொல்கிற யட்சி, குழந்தைகளைப் பயமுறுத்தச் சொல்கிற பெயர். 2025இல் வந்த லோகா படம் அவளையே சூப்பர்ஹீரோ ஆக்கிவிட்டது, அதில் போலீஸ் வில்லனாக வந்தவர் நம் நடன இயக்குநர் சாண்டி.

இத்தனை காலம் அவள் எப்படி நிலைத்தாள் என்றால், கொடை விழாவில் வில்லுப்பாட்டில் நீலி கதை பாடும்போது பழிவாங்கலில் தொடங்க மாட்டார்கள். முதல் பிறவியில் தொடங்குவார்கள். தன்னை நம்பி மடியில் தலைவைத்துத் தூங்கியவளை ஒருவன் நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொல்கிறான், பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி ஒன்றுதான் சாட்சி. அடுத்த பிறவியில் அவள் அந்தக் கள்ளிக் கொப்பையே குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று சபை நடுவே வந்து நிற்கிறாள். அந்தக் கொப்பைக் கேட்டவன் மறப்பானா? முப்பந்தலில் இசக்கியம்மனாக அவளைக் கும்பிடுகிறோம். ஆண்டுதோறும் மறுபடி பாடுகிறார்கள், ஒவ்வொரு புலவரும் தன் பங்குக்கு ஒன்று சேர்க்கிறார். வடசேரி தம்பி தேடுகிற இரண்டாவது எழுத்தாளர், மூன்றாவது, பத்தாவது, எல்லாரும் இங்கே வரிசையாக வந்திருக்கிறார்கள்.

குளச்சல் ஓவியன்

எனக்கு இது வெறும் பேச்சு இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஒரு வெப்காமிக் வரைந்துகொண்டிருக்கிறேன். கதாநாயகி முட்டத்துப் பெண், கலங்கரை விளக்கத்தின் ஒளியை உடலில் ஏற்றிக்கொள்கிறவள். வில்லன் பெயர் கருந்திரை, அலையை எழுப்புவான், கடற்கரை ஊர்களை எல்லாம் மூழ்கடித்துத் தனக்கென ஒரு கடல் ராஜ்யம் அமைக்கப் பார்க்கிறான். வாசித்தவர்கள் எல்லாரும் அவளைப் பற்றிக் கேட்கிறார்கள், கருந்திரையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படம் வரைய அதிக நேரம் எடுத்ததே அவனுக்குத்தான். அவனுக்கு என்ன வேண்டும் என்று இப்போது யோசித்தால், ராஜ்யம் என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல முடியவில்லை. உதவி செய்யுங்கள்.

தூத்தூர் கடலோடி

தம்பி, ராஜ்யம் வேண்டும் என்று கடற்கரையில் யாரும் அழுததில்லை. நான் சொல்வதை யோசித்துப் பார். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. எங்கள் பக்கம் திரும்பி வராதவர்களின் வீடுகளில் இன்னும் அவர்கள் படம் மாட்டிய சுவர் இருக்கிறது. உன் கருந்திரையின் மகன் அதில் போனான் என்று வைத்துக்கொள். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான், இனிமேல் ஒருத்தரும் கடலுக்குப் போகக் கூடாது. அதற்காகத்தான் அலையை எழுப்புகிறான், வள்ளத்தைக் கவிழ்க்கப் பார்க்கிறான், துறைமுகத்தை அடைக்கிறான். எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரு நாளாவது நினைத்தது அதுதான்.

வடசேரி வாசகன்

இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அண்ணன் சொன்ன கருந்திரையை நான் மறக்க மாட்டேன். இப்போது உன் கதாநாயகிக்கும் உண்மையான சிக்கல் வருகிறது பார் தம்பி, கடலுக்குப் போனால்தான் அவள் ஊருக்குச் சோறு, அவனைத் தடுத்தால் நாளைக்கு ஒரு வள்ளம் திரும்பாமல் போகலாம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

தக்கலை அக்கா

அவன் மகனின் கதையை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடாதே. முதலில் அவன் செய்வது மட்டும் தெரியட்டும். ஆள் யார் என்று வாசகர் கேட்க ஆரம்பித்த பிறகு சொல்.

குளச்சல் ஓவியன்

எல்லாருக்கும் நன்றி. வரைந்த இரண்டு அத்தியாயத்தையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறேன். தூத்தூர் அண்ணே, ஒரு சந்தேகம். அலையை எழுப்புவதற்கு முன்னால், சாதாரண மனிதனாக இருக்கும்போது, ராத்திரி கரையில் கிடக்கிற வள்ளங்களைப் போகவிடாமல் செய்ய அவன் என்ன செய்வான்? வலையை அறுப்பானா?

தூத்தூர் கடலோடி

வலையில் கை வைக்க மாட்டான். தொழில் தெரிந்தவன் எவனும் வலையை அறுக்க மாட்டான், அது ஒரு வீட்டின் கடன். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டு போவான். உடைக்கவும் மாட்டான், கடலில் எறியவும் மாட்டான், உப்புக்காற்று படாமல் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, எது யாருடைய வள்ளத்தது என்று பெயர் எழுதி வைத்திருப்பான். அந்தப் பெட்டியை எந்த அத்தியாயத்தில் திறப்பது என்பதை நீ பார்த்துக்கொள். எஞ்சின் வரைவதற்குப் படம் வேண்டுமென்றால் சொல், நாளைக்குக் கரைக்குப் போகும்போது எடுத்து அனுப்புகிறேன்.